எழுப்பாத வீடு

நைட் ஷிப்ட் பார்க்கிற ஆட்களின் வீட்டில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். படித்து முடித்ததும் என்னைத் திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டுங்கள். என் நாத்தனார் ஐந்து மாதமாகத் திட்டிக்கொண்டிருக்கிறார், அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொள்ளலாம்.

என் பெயர் ரோஸ்லின். ஒரு மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். வீடு விளாங்குடியில். என் கணவர் சேவியர், கப்பலூரில் ரப்பர் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டினார். வாரம் ஒரு ஷிப்ட் என்று மாறி மாறி வர வேண்டிய வேலை. ஆனால் புதிதாகக் கல்யாணமானவன், பெண்டாட்டி பிள்ளை பெற்றிருக்கிறவன், ராத்திரி கண் விழித்தால் தலை வலிக்கிறவன் என்று எல்லோரும் தங்கள் நைட்டை இவர் தலையில் கட்டினார்கள். இவருக்கு முடியாது என்று சொல்ல வராது. பன்னிரண்டு வருஷத்தில் பெரும்பாலும் நைட்தான். கம்பெனியில் அவரை 'நைட் அண்ணே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

பகலில் தூங்குகிற மனிதரை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துவது லேசான காரியமில்லை. ஆரம்பத்தில் கீரைக்காரம்மா குரல் கேட்டாலே எழுந்துவிடுவார். எழுந்தால் மறுபடி கண் மூடாது. அன்று ராத்திரி தூக்கக் கலக்கத்தில் மெஷினுக்குள் கையை விட்டுவிடுவாரோ என்று பயப்படுவேன். அதனால் வீட்டைப் பழக்கினேன். ஐம்பது பிள்ளைகளைப் பழக்குகிறவளுக்கு வீடு எம்மாத்திரம்? காலிங் பெல் ஒயரைப் பிடுங்கிப் போட்டேன். ஜன்னலில் கறுப்புச் சார்ட் ஒட்டினேன். குக்கர் விசில், மிக்சி எல்லாம் காலை ஏழு மணிக்குள் முடிந்துவிட வேண்டும். தம்ளரைத் துணி மேல்தான் வைக்க வேண்டும். எங்கள் ஒரே மகள் ஸ்டெல்லா நான்கு வயதில் வாசலில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு என்னிடம் ஓடிவந்து, நான் சமையலறைக் கதவைச் சாத்திய பிறகுதான் அழுதாள். இதை நான் ஜெபக்கூட்டத்தில் பெருமையாகச் சொன்னேன். எல்லோரும் "பிள்ளை வளர்த்தா இப்படி வளர்க்கணும்" என்றார்கள்.

அவர் படுத்த பிறகு அந்த அறைக் கதவை யாரும் தொடக் கூடாது. வீடு தீப்பிடித்தால் மட்டும் தட்டலாம் என்று வேடிக்கையாகச் சொல்வேன்.

அவருக்கு நான்கு வருஷமாகச் சர்க்கரை இருந்தது. போன டிசம்பரில் மறுபடி டெஸ்ட் எடுத்தோம். வேலை முடிந்து வருகிற வழியில், காலை ஏழு மணிக்கு லேபில் இறங்கி ரத்தம் கொடுத்தார். "வெறும் வயிறுதான அண்ணே?" என்று லேப் பையன் கேட்டிருக்கிறான். "இன்னும் டிபன் சாப்பிடலப்பா" என்று இவர் சொல்லியிருக்கிறார். பொய்யில்லை. ஆனால் நடுராத்திரி தாண்டி மூன்று மணிக்குக் கேன்டீனில் பரோட்டா, ஐந்து மணிக்குச் சர்க்கரை போட்ட டீயும் பன்னும். அதை அவரும் சாப்பாடாக எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை. ரிசல்ட் தாறுமாறாக ஏறியிருந்தது.

அந்த ரிசல்ட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனது நான். டாக்டர் பார்க்கிற நேரம் பதினொரு மணி, அது இவருடைய நல்ல தூக்க நேரம். எப்போதும் நான்தான் லீவு போட்டுவிட்டுப் போவேன். நான்கு வருஷத்தில் அந்த டாக்டர் என் கணவரை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார்.

"அவர் வரலையாம்மா?"

"வேலைக்குப் போயிட்டார் டாக்டர்."

இந்த ஒரு பதிலை நான் ஏன் சொன்னேன் என்று யாராவது கேட்டால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. பகல் பதினொரு மணிக்கு என் புருஷன் படுத்துத் தூங்குகிறார் என்று அந்நிய மனிதரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சோம்பேறியைக் கட்டிக்கொண்டவள் என்று நினைத்துவிடுவாரோ என்று ஒரு கௌரவம். காலையில் சாப்பிடுகிறாரா என்று டாக்டர் கேட்டார், சாப்பிடுகிறார் என்றேன். ராத்திரி சாப்பிடுகிறாரா என்றார், அதற்கும் ஆமாம். ஷிப்ட் என்கிற சொல் அந்த அறைக்குள் வரவேயில்லை. மாத்திரையை இரண்டு மடங்காக்கினார். காலை உணவுக்கு முன் ஒன்று, இரவு உணவுக்கு முன் ஒன்று. நான் வீட்டுக்கு வந்து மாத்திரை டப்பாவில் ஸ்கெட்ச் பேனாவால் அழகாகக் 'காலை', 'இரவு' என்று எழுதி வைத்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

இரண்டாவது நாளே அவர் தலையணை வியர்வையில் நனைந்திருந்தது. டிசம்பர் மாசத்தில் தலையணை நனைந்திருக்கிறது, கணக்கு டீச்சருக்கு அதில் ஒரு கேள்வி எழவில்லை. ஃபேனைக் கூட்டி வைத்தேன்.

ஐந்தாம் நாள் காலை ஏழரைக்கு வந்தார். 'காலை' மாத்திரையைப் போட்டார். மூன்று இட்லி வைத்தேன், ஒன்றைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

"போதும் ரோசி. கேன்டீன்ல தின்னது இன்னும் நெஞ்சுலயே நிக்குது. கண்ணு சொக்குது, படுக்குறேன்."

அவர் முழு நினைவோடு என்னிடம் கடைசியாகப் பேசியது இதுதான். நான் எட்டேகாலுக்குப் பள்ளிக்குக் கிளம்பினேன். ஸ்டெல்லாவுக்கு இப்போது பதினாறு வயது, பிளஸ் ஒன். அரையாண்டுத் தேர்வுக்கு நடுவில் அன்று அவளுக்கு விடுமுறை, வீட்டில் இருந்து படித்தாள்.

பதினொன்று பத்துக்கு நான் ஸ்டாஃப் ரூமில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். போனில் அவளிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. காதோரம் வைத்துக் கேட்டேன். குசுகுசுவென்று பேசியிருந்தாள், எங்கள் வீட்டில் அப்படித்தான் பேசுவோம்.

"அம்மா, அப்பா ஒரு மாதிரி சத்தம் போடுறாரு. குறட்டை மாதிரி இல்லம்மா. கேளு..." பிறகு கொஞ்ச நேரம் ஒரு கரகரப்பு, நடுவில் ஒரு முனகல். பிறகு மறுபடி அவள் குரல்: "எழுப்பவா?"

நான் தட்டச்சு செய்த பதில்: எழுப்பாதே. கெமிஸ்ட்ரி படி.

அவள் எழுப்பவில்லை. வழக்கமாக அவர் எழுகிற மூன்று மணிக்கும் எழுப்பவில்லை. டீ போட்டு ஃபிளாஸ்க்கில் ஊற்றி, கதவுக்கு வெளியே சத்தமில்லாமல் வைத்திருந்தாள். நாலே முக்காலுக்கு நான் வந்தபோது ஃபிளாஸ்க் அப்படியே இருந்தது. கதவைத் திறந்தேன். பாய், போர்வை எல்லாம் நனைந்து, வாயோரம் நுரை காய்ந்து, கண் பாதி திறந்து கிடந்தார். உலுக்கினேன். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த அறையில் நான் கத்தினேன். அவர் அசையவில்லை. வீட்டில் இருந்த, சர்க்கரை பார்க்கிற மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தால் எண்ணே வரவில்லை, 'லோ' என்று வந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் காரில் தூக்கிப் போட்டு மருத்துவமனைக்கு ஓடினோம். கேஷுவால்டியில் சர்க்கரைத் தண்ணீரை நரம்பில் ஏற்றினார்கள். ஏற்றிய சில நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்று அங்கிருந்த நர்ஸ் தைரியம் சொன்னாள். அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். சர்க்கரை ஏறியது, அவர் எழவில்லை. அரை மணியில் அது மறுபடி இறங்கியது. மறுபடி ஏற்றினார்கள். ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே சர்க்கரை வியாதிக்கென்று ஒரு லேடி டாக்டர் இருந்தார். வளைத்துப் பேசத் தெரியாதவர். எனக்கு அவரைப் பிடித்திருந்தது, என்னை அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன், இதைப் படிக்கிறவர்களுக்கு இதுவாவது பயன்படட்டும்.

இந்த மாத்திரை கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவழைக்கும். நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று அது பார்ப்பதில்லை, பாதி நாளுக்கு மேலும் பிழிந்துகொண்டே இருக்கும். விழித்திருக்கிற ஆளுக்குச் சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், ஒரு மிட்டாயாவது வாயில் போட்டுக்கொள்வார். தூங்குகிற ஆளுக்கு அது தெரியாது. மற்ற உறுப்புகள் எதையாவது வைத்துச் சமாளிக்கும், மூளையிடம் சேமிப்பு கிடையாது. அது பட்டினி கிடக்கும், பிறகு சாகத் தொடங்கும்.

"உங்க வீட்டுக்காரர் நைட் டியூட்டின்னு அந்த டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல டாக்டர்."

"சீட்டுல காலைன்னு எழுதினா அது நமக்குக் காலை. ஏழரை மணிக்கு வீட்டுக்கு வந்து படுக்குற ஆளுக்கு அது ராத்திரி. மாத்திரையப் போட்டுட்டு ஏழு மணி நேரம் பட்டினியா தூங்குனா என்ன ஆகும்? டீச்சர்ங்கிறீங்க, இதுகூடத் தோணலையா?"

தோன்றவில்லை. இன்னொன்றும் சொன்னார். மூளைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறதாம், வெளிச்சத்தைப் பார்த்து அது மணி வைத்துக்கொள்ளும். ஈரல், கணையம், குடல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகவும் கடிகாரம் உண்டு. ராத்திரி மூன்று மணிக்குப் பரோட்டாவைத் தள்ளினால், கடை சாத்திவிட்டுப் படுத்தவனை எழுப்பி வியாபாரம் செய்யச் சொல்வது போலத்தான், கணையம் அரைத்தூக்கத்தில் வேலை பார்க்கும். பன்னிரண்டு வருஷம் இப்படி நடந்தால் சர்க்கரையும் வரும், கொழுப்பும் வரும், இதயமும் கெடும். பகல் தூக்கம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் ராத்திரித் தூக்கத்துக்கு ஈடாகாது. ஆக, நான் இரண்டு கையாலும் பொத்திப் பொத்திக் காப்பாற்றிய அந்தத் தூக்கமே முழுசாக உருப்படியான தூக்கம் இல்லை.

அதற்குள் ஆனையூரிலிருந்து என் நாத்தனார் வந்துவிட்டார். மேரி மதினி, அவருடைய அக்கா. அம்மா இல்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவர். டாக்டர் எங்கள் மூவரையும் நிற்க வைத்துக் கேட்டார்:

"இது எப்ப ஆரம்பிச்சதுன்னு எனக்குத் தெரியணும். ஒரு மணி நேரமா, ரெண்டு மணி நேரமா, அதுக்கு மேலயா? கடைசியா எப்ப நல்லா இருந்தார்? ஏதாவது சத்தம், முனகல் கேட்டுச்சா? மூளை எம்புட்டு நேரம் பட்டினி கிடந்துச்சுங்கிறத வச்சுத்தான் நான் ஏதும் சொல்ல முடியும்."

மதினி ஸ்டெல்லா பக்கம் திரும்பினார். "ஏட்டி, நீ வீட்லதான இருந்த? ஒரு சத்தங்கூடவா கேக்கல?"

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் டாக்டரின் மேஜையில் இருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்தேன். அது மான் கொம்பு மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஸ்டாண்ட், இப்போது நினைத்தாலும் வரைந்து காட்டுவேன்.

"கேக்கல அத்தை," என்றாள்.

"எப்பிடிக் கேக்கும்? காதுல அந்தக் கருமத்த மாட்டிட்டுப் பாட்டுக் கேட்டுக்கிட்டு இருந்திருப்ப."

அவளிடம் இயர்போனே கிடையாது. நான் அதைக்கூடச் சொல்லவில்லை. நான் சொன்னது வேறு. "மூணு மணி வரைக்கும் நல்லாத்தான் இருந்திருப்பார் டாக்டர். டீ வைக்கிறப்ப புரண்டு படுத்த சத்தம் கேட்டுச்சுன்னு இவ சொன்னா." வகுப்பறையில் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய், தடுமாறாமல் சொன்னது. டாக்டர் எழுதிக்கொண்டார். முகம் கொஞ்சம் தெளிந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் நம்பிக்கை இருக்கிறது என்றார். மதினி சிலுவைக்குறி போட்டு, "மாதாவே" என்று அழுதார். நானும் அழுதேன். அந்த நிமிஷத்தில் நான் சொன்னதை நானே நம்பினேன் என்பதுதான் இதில் அசிங்கமான விஷயம்.

ஐ.சி.யு.வில் இரவு பகல் கிடையாது. விளக்கு அணையாது, மானிட்டர் ஓயாது, மணிக்கு ஒரு தடவை விரலில் குத்துவார்கள். யாரை எழுப்பக் கூடாது என்று நான் வீட்டையே கட்டிப்போட்டேனோ, அவரை அங்கே கிள்ளினார்கள், நெஞ்சில் விரல் முட்டியால் தேய்த்தார்கள், காதருகே போய்ச் "சேவியர்! சேவியர்! கண்ணத் திறங்க!" என்று கத்தினார்கள். ஆனாலும் எழவில்லை. நான் வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பங்குக் கோயிலிலிருந்து ஆட்கள் வந்தார்கள், பள்ளியிலிருந்து வந்தார்கள். மதினி ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொன்னார். ஒவ்வொரு தடவையும் அது "புள்ள வீட்ல இருந்தும்..." என்ற இடத்துக்கு வந்து நிற்கும். வந்தவர்கள் ஸ்டெல்லாவை ஒரு பார்வை பார்ப்பார்கள். சிலர் ஆறுதலாகத் தலையைத் தடவினார்கள், அது இன்னும் மோசம். அவள் சாப்பிடவில்லை. என் சக டீச்சர் ஒருத்தி தயிர்ச்சோறு கட்டிக்கொண்டு வந்து ஊட்டப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. நான்கு வயதில் பொத்திய அதே வாய்.

நான்காம் நாள் டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். ஸ்கேன் படத்தைச் சுவரில் மாட்டியிருந்தார்.

"எனக்குக் கணக்கு ஒத்து வரல டீச்சர். ரெண்டு மணி நேரத்துக்கு இம்புட்டு அடி விழாது. இந்த இடம் பாருங்க, புதுசா நடக்கிறத ஞாபகத்துல சேத்து வைக்கிற இடம். இங்கதான் அடி. உண்மையிலயே மூணு மணிக்கு அசைஞ்சாரா?"

வெளியே வந்தேன். ஸ்டெல்லாவைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப் போனேன். என் போனில் அந்த மெசேஜை முதல் நாளே அழித்திருந்தேன். "உன் போன்ல இருக்கா?" என்று கேட்டேன். அவள் போனை எடுத்துக் கொடுத்தாள். அவளுடைய குரல் இருந்தது. கீழே என் பதில் இல்லை.

"அத மட்டும் அழிச்சிட்டேம்மா," என்றாள். "அத்தை பாத்திரும்னு."

என்னை யாரும் அடித்ததில்லை. அடித்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும்.

டாக்டர் போனைக் காதில் வைத்துக் கேட்டார். மறுபடி ஒரு தடவை கேட்டார். மதினியும் அறைக்குள் வந்து நின்றிருந்தார், அவருக்கும் கேட்டது. டாக்டர் போனை மேஜையில் வைத்தார்.

"இது குறட்டை இல்லம்மா. அப்பவே மயக்கத்துல இருந்திருக்கார். பதினொன்னு பத்து. நீங்க வந்தது நாலே முக்கால்." கழித்தல் கணக்கு எனக்குத் தெரியும் என்று விட்டுவிட்டார்.

"எழுப்ப வேண்டாம்னு சொன்னது நான்தான்," என்றேன். "அவ கேட்டா. நான்தான் வேண்டாம்னேன்."

மதினி ஸ்டெல்லாவிடம் மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. என் பக்கம் வந்து, குரலை உயர்த்தாமல், "எந்தம்பியத் தூங்க வச்சே முடிச்சிட்டியேடி," என்றார். போய் ஐ.சி.யு. கதவருகே தரையில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு உள்ளே ஒரு அற்பமான நிம்மதி வந்தது. திட்டு இப்போது சரியான ஆளுக்கு விழுகிறது என்ற நிம்மதி.

ஆறாம் நாள் அவர் கண் திறந்தார். எட்டாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். என்னைத் தெரிந்தது, மகளைத் தெரிந்தது, அக்காவைத் தெரிந்தது. பழையது எல்லாம் இருந்தது. பேச்சு இழுத்து இழுத்து வந்தது, முதலில் சொன்ன வார்த்தை, "டைம் ஆயிருச்சா?" நாங்கள் மூன்று பேரும் சிரித்து அழுதோம். ஐந்து நிமிஷம் கழித்து அதையே கேட்டார். பிறகு மறுபடியும்.

வார்டுக்கு ஒருநாள் காலை கம்பெனியிலிருந்து முத்துப்பாண்டி வந்தான். இவருக்குத் தன் நைட்டைத் தள்ளிவிடுகிறவர்களில் அவன் முதல் ஆள். ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தான், கண் இரண்டும் பழுத்திருந்தது.

"அண்ணன் நைட்ட இப்ப நாந்தான் மதினி பாக்குறேன்," என்றான் என்னிடம். சட்டைப் பையில் மாத்திரை அட்டை நீட்டிக்கொண்டிருந்தது. பிடுங்கிப் பார்த்தேன். இவருக்குக் கொடுத்த அதே மாத்திரை.

"இத எப்பப்பா போடுற?"

"காலையில ஒன்னு, நைட்டு ஒன்னு. சீட்டுல இருக்கிற மாதிரியே கரெக்டா போட்டுருவேன். இப்ப போயி போட்டுட்டு அப்பிடியே கட்டையச் சாய்க்க வேண்டியதுதான்."

அவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்த டாக்டர் முன்னால் நிறுத்தினேன். அவர் நேரத்தை மாற்றி எழுதிக் கொடுத்தார். அவன் வீட்டுக்காரிக்கு நானே போன் செய்து, "அவன் தூங்குறப்ப ஒரு தடவை எழுப்பிப் பாரு, தண்ணி குடிக்கச் சொல்லு, பதில் ஒழுங்கா சொல்றானான்னு பாரு," என்றேன். "எழுப்புனா கத்துவாருக்கா," என்றாள். கத்தட்டும் என்றேன். கத்துகிற புருஷன் கிடைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அவளுக்கு அப்போது விளங்கியிருக்காது.

இருபத்திரண்டு நாளில் வீட்டுக்கு வந்தோம். பில்லைப் பற்றி எழுதப் போவதில்லை, என் நகை போனது, அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வீட்டில் முதல் வாரம் முழுக்க ராத்திரி ஒன்பது மணிக்கு எழுந்து கம்பெனி சட்டையைத் தேடினார். பகலில் தலை தொங்கியது. டாக்டர் சொன்னபடி தினமும் காலை ஆறரைக்கு மொட்டை மாடிக்குக் கூட்டிப் போய் வெயிலில் உட்கார வைத்தேன். ஜன்னல் சார்ட்டைக் கிழித்தேன். பகலில் அரை மணிக்கு மேல் தூங்க விடவில்லை. ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பாடு, பிறகு தண்ணீர் மட்டும். இரண்டு மாதத்தில் உடம்பு திருந்திவிட்டது. பத்து மணிக்குத் தூங்கி ஆறு மணிக்குத் தானே எழுகிறார். போன மாதம் சர்க்கரை பார்த்தபோது, இந்த நான்கு வருஷத்தில் இவ்வளவு நல்ல ரிசல்ட் வந்ததில்லை. டாக்டர்கூட அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆனால் தாளைக் கையில் கொடுத்தால், "யாருக்கு டெஸ்ட் எடுத்தீங்க?" என்று கேட்கிறார்.

புதிதாக எதுவும் அவரிடம் தங்குவதில்லை. காலையில் சொன்னது மத்தியானம் இருக்காது. தூங்கி எழுந்தால் எல்லாம் சுத்தமாகப் போய்விடும். மாடி வெயிலில் உட்கார்ந்ததும், தினமும் தவறாமல், என்னிடம் ஒன்று கேட்பார்:

"ரோசி, நான் ரொம்ப நேரம் தூங்கிட்டேனா?"

முதல் தடவை அப்படிக் கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரிடம் சொன்ன பொய், மாத்திரை, பதினொன்று பத்து, எழுப்பாதே என்றது, எதையும் விடவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நீ என்ன பண்ணுவ ரோசி? என் தூக்கத்துக்காகத்தான?" என்று என் கையைப் பிடித்தார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. ஐந்து மாதத்தில் அன்று ஒருநாள்தான் எனக்குச் சோறு இறங்கியது.

மறுநாள் கேட்டார், சொன்னேன். அன்று அவர், "புள்ள கேட்டுமா எழுப்ப வேண்டாம்ன?" என்று கேட்டு, எழுந்து கைப்பிடிச்சுவர் பக்கம் போய் நின்றுகொண்டார். மத்தியானம் வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கு மறுநாள் தன் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, "அப்ப எனக்கு இனிமே சரியாகாதா?" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அதற்கு மறுநாள் மன்னித்தார். ஒவ்வொரு நாளும் எனக்குப் புதுத் தீர்ப்பு. மன்னிக்கிற நாளுக்காக நான் மாடிப்படி ஏற ஆரம்பித்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் ஏறினேன்.

பதினைந்து நாள் போல இப்படிப் போனது. ஒருநாள் இறங்கி வரும்போது ஸ்டெல்லா படிக்கட்டில் வழி மறித்து நின்றாள். எங்கள் வீட்டில் இப்போது யாரும் குசுகுசுவென்று பேசுவதில்லை, ஆனால் அவள் அன்று பழையபடி மெதுவாகப் பேசினாள்.

"தினமும் சொல்லாதம்மா."

"உண்மையத்தான சொல்றேன்."

"உனக்கு மன்னிப்பு வேணும்னு அவர தினமும் குத்துற. உனக்கு அது பழசு. அவருக்குத் தினமும் இப்பத்தான் நடக்குது."

அவளுக்குப் பதினாறு வயதுதான் ஆகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை எங்களுக்கு முன்னால் அவள் மாடியில் இருந்தாள். வெயில் எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறியிருந்தது. நான் சர்க்கரை போடாத காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார், கண்ணைக் கசக்கினார், என் பக்கம் திரும்பினார்.

"ரோசி, நான் ரொம்ப நேரம் தூங்கிட்டேனா?"

நான் வாய் திறப்பதற்குள் ஸ்டெல்லா அவர் காலருகே வந்து உட்கார்ந்தாள்.

"இல்லப்பா. நீங்க ஒரு மாதிரி சத்தம் போட்டீங்க. நான் உடனே வந்து எழுப்பிட்டேன்."

அவர் அவள் தலையில் கை வைத்தார். "நல்ல புள்ள," என்றார்.

அதன் பிறகு தினமும் காலையில் அவள்தான் பதில் சொல்கிறாள். தினமும் அவர் அவள் தலையில் கை வைத்து அதையே சொல்கிறார். அவளும் தினமும் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறாள், என் பக்கம் திரும்புவதில்லை. நான் காபியை ஆற்றிக்கொண்டு நிற்கிறேன்.